இற்றியும் அதன் இனமும்

தொகைநூல்களுள் இற்றி என்னும் மரம் மலைசார்ந்த பாட்டுகளில் வருகின்றது. உரைகாரர் இதனை இத்தி என்பர். இத்தி யாது என அகராதியைப் புரட்டுவோர் இச்சி, கல்லிச்சி, கல்லால் என ஒரு பெயரினின்று மற்றொரு பெயருக்குச் சென்று, ஈற்றில் 'ஒருவகை மரம்' என்னும் அளவில் நின்றுவிடுவர். யானும் நெடுங்காலம் அவ்வளவில் நின்றவனே. பன்னீராண்டுகட்கு முன்னர் முதுகலை வகுப்பிற் குறுந்தொகையின் 106ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லியபோது, இற்றி ஆலைப் போன்றதொரு மரம் என்றும், அதன் விழுது பாறைமேல் தொங்குவது அருவி போன்றிருக்கும் என்றும் கூறி மேலே செல்ல முயன்றேன். மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அம்மரத்தை எங்கே காணலாம்?" என்றார். கல்லூரி வளாகத்தில் ஆலும் அரசும் நின்றன. இற்றியைக் காட்ட என்னால் இயலவில்லை. அப்பாட்டில் அருவிக்கு ஒப்பாகக் கூறப்பெற்றது விழுதன்று, வேர் என்பதையும் பின்னரே உணர்ந்தேன்.

அன்று தொடங்கிய தேடல் நாளடைவில் பொழுதுபோக்காயிற்று. இன்று என் வீட்டு முற்றத்துத் தொட்டிகளிலும் கல்லூரித் தோட்டத்தின் ஒரு மூலையிலுமாக இவ்வினத்தைச் சேர்ந்தவை 11 வளர்கின்றன. ஆல், அரசு, கல்லரசு, அத்தி, பேயத்தி, இத்தி, இச்சி, கல்லிச்சி என எட்டும் நம் நாட்டன. எஞ்சிய மூன்றும் சீமையத்தியின் வகைகள். மரம் வளர்ப்பதற்கும் மரபிலக்கியம் கற்பிப்பதற்கும் தொடர்பென்ன என வினவிய நண்பர் சிலர் உளர். அவர்கட்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது. பாட்டிற் பெயர் கூறப்பெற்ற மரம் இன்னதெனத் துணியாதவழி உவமை பொருளற்றுப் போகும் என்பதும், அத்துணிவு நூலகத்தில் மட்டும் கிடைப்பதன்று என்பதுமே யான் கூற விழைவன.

முதற்கண் இவ்வினத்தின் பொதுவியல்பைக் கூறவேண்டும். தாவரநூலார் இவற்றைப் பைக்கஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்குவர். உலகில் ஏறத்தாழ 800 இனங்கள் இதன்பாற்படும். இலை கிள்ளினாற் பால் வடிதலும், பூ புறத்தே தோன்றாமையும் இவற்றுக்குப் பொது. 'அத்தி பூத்தாற்போல' என்னும் வழக்கு இவ்விரண்டாவது இயல்பின்பாற் பிறந்தது. உண்மையில் அத்தி பூவாமலில்லை. நாம் காய் எனக் கருதும் உருண்டையை இரண்டாகப் பிளந்து பார்ப்பின், உட்சுவரெங்கும் நுண்ணிய பூக்கள் நெருங்கியிருக்கக் காணலாம். காயின் நுனியிலுள்ள சிறு கண் வழியே, எள்ளினுஞ் சிறிய குளவியொன்று உள்நுழையும். நுழைகையில் அதன் சிறகு பெரும்பாலும் ஒடிந்துபோம். உள்ளே மகரந்தம் தூவி, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடியும். அம்முட்டைகளினின்று பிறப்பனவற்றுள் சிறகற்ற ஆண்குளவிகள் முதலில் வெளிப்பட்டுப் பெண்குளவிகளோடு கூடி, அவை வெளியேறுதற்குச் சுவரைத் துளைத்து வழி செய்யும். பெண்குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வேறொரு மரத்தைத் தேடிச் செல்லும். பெரும்பான்மையும் மரத்தினம் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குளவியினம் உண்டு. ஆலின் குளவி அரசினுள் நுழைவதில்லை.

நிகண்டுகளும் உரைகளும் பூவாது காய்க்கும் மரத்தைக் 'கோளி' எனக் குறிக்கும். இச்சொல்லைப் பிழையான இயற்கையறிவின் விளைவு எனக் கருதுவோர் உளர். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. புறத்தே தோன்றும் வேறுபாட்டைக் கொண்டு மரங்களை வகுத்த ஒரு பகுப்பே அது; நோக்கிய அளவில் அது சரியான நோக்கே. பெரும்பாணாற்றுப்படை காஞ்சியின் சிறப்பைக் கூறுமிடத்துக் கோளிகளுள்ளே பழத்தாற் சிறந்ததெனப் பலாவைக் குறிப்பிடுகின்றது. பலாவும் அத்தியும் ஒரு கூட்டத்தன எனப் புலவர் கருதினர் என்பது இதனாற் போதரும். இன்றைத் தாவரநூலும் இவ்விரண்டையும் மல்பெரியோடு சேர்த்து மொரேசியே என்னும் ஒரே குடும்பத்துள் வைக்கின்றது. இரு பகுப்பும் ஒரே காரணம் பற்றி எழுந்தன அல்ல. ஆயினும் பாலும் பழமும் நோக்கிக் கண்டோர் கண் பழுதுபடவில்லை என்பது ஒருதலை.

இனி, சேர்த்தலும் வளர்த்தலும் பற்றிச் சிறிது கூறுவேன். இவ்வினத்து விதை மிக நுண்ணியது. பழத்தை நீரிற் பிசைந்து, துணியில் வடித்து, செங்கற்பொடியும் மணலும் கலந்த பரப்பின்மேல் தூவி, மேலே மண் மூடாது நிழலில் வைத்தல் வேண்டும். மண் மூடின் முளைப்பது அரிது. இஃது எனக்கு இரண்டு பருவம் வீணான பின்னரே தெரிந்தது. பறவையின் எச்சத்தில் வீழ்ந்த விதை, கோயில் மதிலின் சுண்ணாம்பு வெடிப்பிலும் பனையின் மட்டை இடுக்கிலும் முளைப்பதைக் காண்பார்க்கு இக்குறிப்பு வியப்பாகாது. மதிலில் முளைத்த கன்றுகளைத் திருப்பணி செய்வோர் பிடுங்கி எறியும் நாளில் முன்கூட்டிச் சொல்லி வைத்து வாங்கிக்கொள்வது என் வழக்கம். என்னிடமுள்ள அரசும் கல்லரசும் அவ்வாறு வந்தன. ஆலும் அத்தியும் போத்து நட்டால் வேர்கொள்ளும். கைத்தடி பருமனுள்ள கிளையை ஆடி, ஆவணியில் வெட்டிப் பால் உலரவிட்டு நடுதல் வேண்டும். கல்லிச்சி போத்தில் எளிதில் வரவில்லை. விண்பதியன் வைத்த பின்னரே வேர் கண்டது.

விலைக்கு வாங்கியதில் ஏமாற்றமும் உண்டு. ஒரு நாற்றுப்பண்ணையில் 'இத்தி' என்று பெயர் எழுதிக் கொடுத்த கன்றை மூன்றாண்டு பேணினேன். அஃது இலை விரிந்து வளர்ந்தபின் இரப்பர் செடியென வரவேற்பறைகளில் வைக்கப்பெறும் அயல்மரமாகவே முடிந்தது. அதுவும் பைக்கஸ் பேரினத்தது என்பதால் பண்ணையார் தம் பிழையை ஒப்பவில்லை. "பால் வருகிறதல்லவா, ஐயா?" என்பதே அவர் விடை. அவர் கூற்றும் நம் அகராதிகளின் போக்கும் ஒரு நிகர்த்தனவே.

சீமையத்தி வளர்ப்போர் உலகெங்கும் பலர். அவர்கள் சேர்ப்பது பெரும்பாலும் ஓரினத்துள் அடங்கிய வகைகளை. யான் சேர்ப்பது வெவ்வேறு இனங்களை. இவ்வேற்றுமை கருதத்தக்கது. சீமையத்தியின் வகை ஒவ்வொன்றும் என்றோ தோன்றிய ஒரு மரத்தின் கிளையைத் துணித்துத் துணித்து நட்டதன் தொடர்ச்சியாகும். விதையிட்டால் அவ்வகை அவ்வண்ணமே வருவதில்லை. எனவே மிஷன், பிரௌன் டர்க்கி என வகைப்பெயர் கூறுங்கால் நாம் ஒரு மரத்தின் உடம்பையே பெயரிட்டழைக்கின்றோம் எனலாம். இத்துணித்து நடும் முறை மிகப் பழையது. யோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள கில்கால் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த, 11,000 ஆண்டுகட்கும் முற்பட்ட கரிந்த அத்திப்பழங்கள் விதை முற்றாத வகையைச் சார்ந்தவை என்றும், அவை மனிதன் கிளை நட்டு வளர்த்தவையாகலாம் என்றும் 2006இல் ஆய்வாளர் மூவர் எழுதினர். நெல்லும் கோதுமையும் பயிராவதற்கு முன்னரே அத்தி பயிராயிற்று என்னும் அவர் கருத்தை ஏலாதாரும் உளர்.

சீமையத்தியிலும் குளவியின் தொடர்பு வகைக்கு வகை வேறுபடும். ஸ்மிர்னா வகை குளவியின்றிக் காய் உதிர்த்துவிடும். துருக்கியிலிருந்து அதனைக் கலிபோர்னியாவிற் கொண்டுபோய் நட்டோர், மரம் செழித்தும் பழம் நில்லாமை கண்டு திகைத்தனர். காட்டத்தியையும் அதன் குளவியையும் கொண்டுவந்து 1899இல் நிலைபெறச் செய்த பின்னரே அங்குப் பழம் கண்டனர். காட்டத்திக் காயைக் கோத்து வளர்ப்பத்தியிற் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைக் கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டினரான தியோபிராஸ்டஸ் என்னும் கிரேக்கர் குறித்திருக்கின்றார் என்பதை அப்பயிர்க்காரர் முன்னர்ப் பொருட்படுத்தவில்லை போலும். பழநூலை ஏட்டளவில் விடுவோர் நாம் மட்டும் அல்லேம். என்னிடமுள்ள மூன்றும் குளவி வேண்டாதே பழுக்கும் வகைகள். மராட்டிய நாட்டுப் புரந்தர் வட்டாரத்திற் பயிராவதும் அத்தகையதே. அவ்வட்டாரத்து அத்திக்கு 2016இற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

நாட்டு மரங்களின் நிலை வேறு. அவற்றுக்குக் குளவி வேண்டும். என் தொட்டியிலுள்ள அத்தி ஆறாம் ஆண்டிற் காய்த்தபோது, தனிமரமாதலின் காய் உதிர்ந்துவிடும் என எண்ணினேன். காய் பழுத்தது; உள்ளே குளவியும் இருந்தது. அண்மையில் வேறு அத்தி இருப்பதாக எனக்குத் தெரியாது. நம் அத்திக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்க அத்தியின் குளவி, காற்றின் துணையால் 160 கிலோமீட்டர் வரை செல்லும் என நமீபியப் பாலையிற் செய்த ஆய்வொன்று 2009இற் கூறிற்று. அதனைப் படித்த பின்னரே என் தொட்டி மரம் பழுத்ததன் காரணம் விளங்கிற்று.

இனி நூலிடைப் புகுவேம். அத்தியின் பழம் பெயர் அதவு, அதவம் என்பன. நற்றிணை 95ஆம் பாட்டு, குரங்கின் சிவந்த முகத்துக்கு அதவின் கனியை உவமையாக்குகின்றது. குறுந்தொகை 24ஆம் பாட்டில், ஆற்றங்கரையில் நின்ற வெண்கிளை அதவத்தினின்று வீழ்ந்த ஒரு பழத்தை நண்டு ஏழு மிதித்துச் சிதைத்தாற்போல, ஊரார் நா தன்னைச் சிதைக்கின்றது எனத் தலைவி நைகின்றாள். அத்தி வளர்த்தார்க்கு இவ்வுவமையின் ஒவ்வொரு கூறும் மெய்யாகும். நீர் அருகே நில்லாத அத்தி வாடும். என் தொட்டிகளுள் நாளும் இருமுறை நீர் கேட்பது இதுவொன்றே. இதன் பட்டை வெளிறியது. பழம் கிளைநுனியிலன்றி அடிமரத்திலும் பருங்கிளையிலும் கொத்தாகத் தோன்றும். முற்றிச் சிவந்து வீழுங்கால் தரையில் தொட்ட அளவிலே பிளந்துவிடும். நண்டின் மெல்லிய கால் படினும் அது தாங்காது. ஏழு நண்டு வேண்டியதில்லை, ஒன்றே போதும். ஒன்று போதுமாயிருக்க ஏழு மிதித்தன என்றதிலன்றோ ஊர்ப்பழியின் கொடுமை இருக்கின்றது! அத்தியை அறியாதார் ஏழு என்னும் எண்ணைச் சிதைத்தற்கு வேண்டிய வலிமையாகக் கொள்வர். அறிந்தார்க்கு அது மிகையாய்ப் போந்த கொடுமையாகத் தோன்றும். இவ்வொரு பயனுக்கே அத்தி வளர்க்கலாம்.

இம்மரத்தின் நீர்த்தொடர்பு வேறிடத்தும் புலப்படும். அத்திக்கட்டை நீருள் நெடுநாள் கெடாதாகலின் கிணற்று வேலைக்குப் பயன்பட்டது. காஞ்சி வரதராசர் கோயிற் குளத்துள் 40 ஆண்டு வைக்கப்பெற்று, 2019இல் வெளியே எடுத்து வழிபடப்பெற்ற திருவுருவம் அத்திமரத்தாலாயது. பெயரே அத்தி வரதர்.

ஆலைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். புறநானூறு 58ஆம் பாட்டு, சோழனும் பாண்டியனும் ஒருங்கிருந்தபோது காரிக்கண்ணனார் பாடியது. அடிமரம் அழிந்துபோகவும் விழுதுகள் தாங்க நிழல் குன்றாது நிற்கும் ஆலைப் போல, முன்னோர் மறைந்த பின்னும் தன் குடியைத் தாங்கி நின்றவன் எனப் பாண்டியன் அங்குப் புகழப்படுகின்றான். இது புலவர் படைத்த கற்பனை என்றே யான் மாணவப் பருவத்தில் எண்ணினேன். கல்கத்தாவை அடுத்த சிவபுரித் தாவரத் தோட்டத்துப் பேராலின் அடிமரம் நோயுற்று 1925இல் அகற்றப்பட்டது. மரம் இன்றும் விழுதுகளாலேயே பரந்து நிற்கின்றது. சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆல் 1989ஆம் ஆண்டுப் புயற்காற்றில் அடிமரம் வீழ்ந்தது; சுற்றிலுமுள்ள விழுதுகள் மரத்தைக் காத்தன. புலவர் கண்டதையே கூறினார். அப்பாட்டில் ஆலம் 'கோளி' என்னும் அடையுடன் வருதலும் கருதத்தக்கது. பூவும் முதலும் இன்றியே நிற்கும் மரம் என இரு வியப்பும் ஓரிடத்தே அமைந்தன.

இற்றிக்கு வருவேம். மூன்று இடங்களை எடுத்துக்கொள்கின்றேன். குறுந்தொகை 106இல், இற்றியின் வெள்ளிய வேர் கல்லின்மேல் ஊர்ந்து இறங்குதல் மலையினின்று வீழும் அருவி போற் காணப்படும். அதே மரத்துக்கு 'வீழ்' உண்டு என்பதும் அங்கே தனியே கூறப்பெற்றுள்ளது. ஐங்குறுநூறு 279இற் கல்லிற் படர்ந்த இற்றியின்மேல் மந்தி ஏறுகின்றது. இவ்விரண்டும் கபிலர் பாட்டு. அகநானூறு 57இல் மரத்தின் உருவம் இன்னும் தெளிவாக உள்ளது. அடிமரம் குறியது, வீழ் நெடியது, அது சருச்சரையுடைய உருண்டைக்கல்லைத் தீண்டிக் காற்றில் அசைவது யானையின் கைபோலத் தோன்றும். சிறிய பசிய இறகும் சிவந்த காலும் உடைய பெண்பறவை வெயிலிற் பறந்து வந்து, கனி காணாது, கனி கிடைத்த நாளை நினைந்து வருந்துகின்றது. கிளையோ பொலிவற்றுக் காய்ந்துள்ளது.

அப்பறவை யாதென்பதும் மரம் வளர்ப்போர்க்கு எளிதில் தோன்றும். ஆலும் அத்தியும் பழுத்த காலத்து வந்திறங்கும் பச்சைப்புறா இனங்களுள் சிவந்த காலுடையனவும் உள. ஒரு மரம் பழுத்து ஓயும்வரை தங்கி, ஓய்ந்ததும் அடுத்த மரம் தேடிச் செல்வது அவற்றின் இயல்பு. பால்மரங்கள் எல்லாம் ஒருங்கே பழுப்பதில்லை. மரத்துக்கு மரம் பருவம் வேறுபடும். எனவே பழுத்திருந்த மரத்தை நினைந்து வந்து வறுங்கிளை கண்டு வாடுதல் அப்பறவையின் அன்றாட வாழ்விலே நிகழ்வது. புறநானூறு 199ஆம் பாட்டும் ஆலின் பழம் உண்ட பறவை நேற்று உண்டோம் என்று இன்று வாராதிருப்பதில்லை என்னும் கருத்தைப் பரிசிலர்க்கு ஏற்றிக் கூறுகின்றது.

இம்மூன்று பாட்டினின்றும் இற்றியின் அடையாளமாகக் கிடைப்பன: மலைப்பாறையில் வாழ்தல், வெள்வேர் பாறையைத் தழுவி இறங்குதல், தொங்கும் விழுது, குறிய அடிமரம், பறவை விரும்பும் கனி. இவற்றோடு என் மரங்களை ஒப்பிட்டேன். கல்லரசு பாறைக்குரியதே, வேரும் பாறையைத் தழுவும். ஆயின் அது விழுது விடாது. தாவரநூலார் பைக்கஸ் மாலிஸ் என்னும் கல்லிச்சியின் இலை அடியில் மென்மயிர் போர்த்திருக்கும். பாறையில் நன்கு வளர்வது. ஆயினும் என்னிடமுள்ளதிலும், குன்றுகளில் யான் கண்டவற்றிலும் தொங்கும் விழுது இல்லை. பைக்கஸ் வைரன்ஸ் எனப்படுவதையே தமிழ்நாட்டிற் பலர் இச்சி என்கின்றனர். அஃது ஆண்டுதோறும் இலையனைத்தும் உதிர்த்துச் சில நாளிற் செந்தளிரால் மூடிக்கொள்ளும் அழகுடையது. விழுது விடுதல் அதன்கண் அருகியே காணப்படும். விட்டாலும் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சியது இத்தி. மலையாள நாட்டு மருத்துவர் அத்தி, இத்தி, அரயால், பேரால் என்னும் நான்கையும் சேர்த்து நால்பாமரம் என வழங்குவர். கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுப்பித்து 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் முதற்றொகுதியில் இந்நான்கும் இப்பெயர்களோடு அடுத்தடுத்துப் படமாக்கப்பெற்றுள்ளன. அங்கு இத்தி எனப்படுவது பைக்கஸ் மைக்ரோகார்ப்பா. இலை சிறியது, தடித்தது, என்றும் பசியது. அடிமரம் தாழ்விலே கிளைத்துவிடும். விழுதோ ஆலைப் போல் பருத்துத் தூணாவது குறைவு. மெலிந்து, செம்பழுப்பாய், தாடிபோற் கற்றையாகத் தொங்கும். விழுதைப் 'புல்' என்றும் அதன் தலையைப் 'புன்மை' உடையதென்றும் புலவர் அடைகொடுத்துக் கூறியதன் பொருத்தம் இக்கற்றையை நேரிற் கண்டபின் எனக்குப் புலனாயிற்று. காற்றில் அசைவதும் இத்தகைய மெல்விழுதே. தரையில் ஊன்றிய ஆலின் விழுது யானைக்கை போல் ஆடுமாறில்லை.

வேரைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்கச் சிறு சோதனை ஒன்று செய்தேன். இடுப்பளவு உயரமுள்ள கருங்கல் ஒன்றைத் தோட்டத்தில் நட்டு, அதன் தலையிலிருந்த குழியில் இத்திக் கன்றை வைத்து, கல்லின்மீது ஈரச் சணற்சாக்கைப் போர்த்திவிட்டேன். முதலாண்டில் வேர் ஒரு சாண் இறங்கிற்று. இரண்டாமாண்டின் இறுதியிற் சாக்கை நீக்கியபோது, கல்லின் கரிய முகத்தில் வெண்ணிற வேர் மூன்று பிரிந்தும் கூடியும் கீழ்நோக்கிச் சென்றிருந்தன. வேர் உருண்டையாக இல்லை; கல்லை ஒட்டித் தட்டையாகப் பரந்து, பள்ளம் கண்டவிடத்து ஒடுங்கி, மேடு கண்டவிடத்துப் பிரிந்து சென்றது. பாறைமேல் வழியும் நீரும் அவ்வாறே செல்லும். காற்றில் தொங்கும் விழுது இதனைச் செய்யாது. கபிலர் வீழையும் வேரையும் வேறுவேறாக எண்ணி, அருவியை வேருக்கே உவமித்தமை காரணமுடைத்து. வகுப்பில் யான் கூறியது பிழை. அருவி பாறையைத் தழுவி இறங்குவது. தலைவன் நாட்டில் அருவியல்லாததும் அருவிபோற் காணப்படும். அவனிடமிருந்து வந்த தூதின் சொல்லைத் தலைவி எதிர்கொள்ளும் முறையை ஆராய்வோர் இக்கருத்தையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

சொல் வரலாறும் இதற்கு அரணாகின்றது. இற்றி என்பது இத்தி ஆதல், நெற்றி நெத்தி எனவும், காற்று காத்து எனவும் ஆதல் போல இயல்பே. இத்தி இச்சியாகத் திரிந்தது என்பார் பித்திகை பிச்சியானதையும், அடித்தான் அடிச்சான் ஆனதையும் காட்டுவர். இகரத்தை அடுத்த தகரம் சகரமாதல் உண்மையே. ஆயின் றகரத்தினின்று பிறந்த தகரம் அவ்வாறு திரிவதில்லை. விற்றான் வித்தான் ஆகுமேயன்றி விச்சான் ஆகாது. சிற்றப்பன் சித்தப்பன் ஆவான், சிச்சப்பன் ஆகான். சிற்றாள் சித்தாளாகவே நின்றுவிட்டாள். எனவே இற்றியின் நேர்வழித் திரிபு இத்தி மட்டுமே. இச்சியை அதன் மேல் ஏற்றுதற்கு ஒலிநெறி இடந்தரவில்லை. இச்சியும் கல்லிச்சியும் வேறு மரங்களின் பெயராதல் கூடும் எனச் சொல் காட்டுகின்றது. அவை வேறு மரங்களே என விழுதும் காட்டுகின்றது. இரண்டு சான்றும் ஒரு திசை நோக்குதலின் இற்றி பைக்கஸ் மைக்ரோகார்ப்பா எனத் துணிகின்றேன்.

இத்துணிவுக்குத் தடைகள் இரண்டு உள, மறைத்தல் நேர்மையன்று. முதலாவது, அகநானூற்றுப் பாட்டிற் கிளை காய்ந்து பொலிவற்றது என்றமை. இத்தி இலையுதிராமரம். இதனை வைரன்சுக்குச் சான்றாகக் கொள்வார் உளராவர். அப்பாட்டு பாலைத்திணையது, கோடையின் வெம்மையைக் கூறவந்த இடத்து ஒரு மரத்தின் வறட்சியைப் புலவர் கூறினார் எனக் கொள்ளலாம். ஒரு பாட்டில் ஒரு பருவத்துக்குக் கூறியதைக் காட்டிலும், இரு பாட்டில் மரத்தின் நிலைத்த உறுப்பாகக் கூறிய விழுதே வலிய சான்று. இரண்டாவது, நிகண்டுவழி வருவது. வடநூலார் பிலட்சத் தீவு என்பதைத் தமிழ் நூலார் இறலித்தீவு என்பர். பிலட்சம் வைரன்சே எனப் பலரும் கொள்கின்றனர். இறலியும் இற்றியும் ஒன்றெனின் என் கூற்று வீழும். ஆயினும் மருத்துவநூல்களிற் பிலட்சம் வரவேண்டிய இடத்தில் மலையாள மருத்துவர் இத்தியை வைத்துள்ளனர். ஒரு நாட்டு மரப்பெயர் மற்றொரு நாட்டிற் சென்று அங்குள்ள நெருங்கிய மரத்தின்மேல் ஏறுதல் புதிதன்று. தீவின் பெயர் மொழிபெயர்ப்பு. கபிலரது இற்றி கண்கூடு. மொழிபெயர்ப்பைக் கொண்டு கண்கூட்டை மறுத்தல் முறையன்று என்பது என் கருத்து.

இம்முடிபை மேலும் உறுதிசெய்தற்கு வேண்டுவது ஊர்தோறும் வழங்கும் பெயர்களைத் திரட்டுதலே. ஆடு மேய்ப்போர் தழை ஒடிக்கும் மரங்களைப் பிரித்தறிவர். குன்றடியில் ஒரு முதியவரிடம் கல்லிச்சியையும் இத்தியையும் காட்டி இரண்டும் ஒன்றா என்றேன். "ஏஞ்சாமி, கண்ணு தெரியலையா?" என்றார். அத்தகையோர் தொகை குறைந்து வருகின்றது. சாலை அகலப்படுத்துங்கால் இம்மரங்களும் முதலில் வீழ்கின்றன. பெயரும் மரமும் ஒருங்கே இருக்கும் ஊர்களில் வாழும் முதுகலை மாணவர், இலையொன்றை அழுத்தி உலர்த்தி, ஊர்ப்பெயரும் மரப்பெயரும் விழுது உண்டா இல்லையா என்பதும் குறித்து வைப்பாராயின், இற்றி மட்டுமன்றி கல்லால் பற்றிய வினாவுக்கும் விடை காணலாம். ஆலமர் செல்வன் அமர்ந்த கல்லால் எம்மரம் என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும். அதற்குரிய மரங்கள் என் தோட்டத்தில் இன்னும் சேரவில்லை.

கருங்கல்லின்மேல் வைத்த இத்தி இவ்வாண்டு ஆடியில் ஏழாம் ஆண்டு முற்றிற்று. வேர் நிலத்தைத் தொட்டுவிட்டது. முதல் விழுது, விரலளவு நீளத்தில், தாழ்ந்த கிளையொன்றிற் சென்ற மாதம் வெளிப்பட்டுள்ளது. 106ஆம் பாட்டை இப்போது அக்கல்லின் அருகே நின்றே பாடஞ் சொல்லுகின்றேன்.